பழைய காரைச் சரிசெய்வதா, வேறொரு பழைய கார் வாங்குவதா? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர், மணலி பக்கங்களில் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஓடிய கார் வைத்திருப்பவர்களிடம் மெக்கானிக் ஏதோ ஒரு நாள் பெரிய தொகையாகச் சொல்லிவிடுவார். அந்தத் தொகையைப் பழைய காரிலேயே போடுவதா, இன்னும் கொஞ்சம் புரட்டி வேறொரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்குவதா என்று உறவினர்களும் தெருக்காரர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் மெக்கானிக் அல்லன். நீண்ட காலமாகப் பழைய கார்களை மட்டுமே வைத்து ஓட்டிவருபவன்.

மெக்கானிக் ஐம்பது, அறுபதாயிரம் ஆகும் என்கிறார். எதை வைத்து முடிவெடுக்கத் தொடங்குவது?

காரின் பாடியிலிருந்து தொடங்குங்கள். எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், ஏசி கம்ப்ரசர் எல்லாமே போல்ட்டைக் கழற்றி மாற்றக்கூடியவை; பணம் இருந்தால் அவை புதிதாகிவிடும். பாடி அப்படிப்பட்டதன்று. இன்றைய சிறிய கார்கள் பெரும்பாலானவற்றுக்கு லாரிக்கு இருப்பதைப் போலத் தனிச் சேஸி கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு, தூண்கள், கூரை ஆகியவை ஒன்றோடொன்று வெல்டு செய்யப்பட்டு அவையே பாரத்தைத் தாங்குகின்றன. மோதலில் உள்ளே இருப்பவர்களைக் காப்பதும் அந்தக் கூடுதான். அந்தக் கூடு அரித்துப்போன காரில் அறுபதாயிரத்துக்கு எஞ்சின் வேலை செய்வது, செல்லரித்த உத்தரத்தின் மீது புது ஓடு வேய்வதற்குச் சமம்.

கோயம்புத்தூரிலோ திருச்சியிலோ இருப்பவர்கள் எஞ்சினை முதலில் பார்த்தால் தவறில்லை. நம் பக்கத்தில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை சாலை கடலை ஒட்டியே போகிறது. உப்பு படிந்த இரும்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். உப்பு கரைந்த நீர் மின்னோட்டத்தை எளிதாகக் கடத்துவதால் துருப்பிடிக்கும் வேகமும் கூடும். நிலக்கரியும் எண்ணெயும் எரியும் இடங்களிலிருந்து வரும் கந்தகப் புகை அதை மேலும் விரைவாக்குகிறது. இத்தனைக்கும் மேல், ஐப்பசி கார்த்திகையில் தெருவில் நிற்கும் நீர் இருக்கிறது. ஆகவே இங்கே வரிசை மாற வேண்டும்: முதலில் பாடி, அடுத்து ஆர்.சி. உள்ளிட்ட ஆவணங்கள், அதன் பிறகே எஞ்சின்.

துருவை எங்கே, எப்படிப் பார்ப்பது? எவ்வளவு இருந்தால் கைவிட வேண்டும்?

காரை ராம்ப்பில் ஏற்றச் சொல்லி, நீங்களும் கீழே போய் நின்று பாருங்கள். வாட்டர் வாஷ் செய்யும் இடத்திலேயே பெரும்பாலும் ராம்ப் இருக்கும். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் ரன்னிங் போர்டின் அடிப்பகுதியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெல்லத் தட்டிக்கொண்டே போனால், நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடமும் பட்டி வைத்து மறைத்த இடமும் மந்தமாக ஒலிக்கும். அந்தப் பகுதியில் நீர் வடிவதற்கென்று சிறு துளைகள் உண்டு. சேறு அடைத்துக்கொண்டால் நீர் உள்ளேயே தங்கி, வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளிருந்து தின்றுகொண்டு வரும்.

பிறகு பானெட்டைத் திறந்து, முன்பக்க ஷாக் அப்சார்பரின் மேல்முனை பாடியோடு சேரும் வட்டமான இடத்தைப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தப் பள்ளத்தையும், கால்மிதியை விலக்கித் தரைத் தகட்டையும் பாருங்கள். பின்சக்கர சஸ்பென்ஷன் பாடியில் பூட்டப்படும் இடமும், அடியில் ஓடும் பிரேக் குழாயும் மிக முக்கியமானவை.

விரலால் தேய்த்தால் வரும் செந்தூள் மேல்துரு. தேய்த்து, பிரைமர் அடித்து, அண்டர்பாடி கோட்டிங் கொடுத்தால் அடங்கும். தரைத் தகட்டில் உள்ளங்கை அளவு ஓட்டை இருந்தால், நல்ல டிங்கர் அழுகிய பகுதியை முழுவதுமாக வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்யலாம். ஷாக் அப்சார்பர் சேரும் இடம், சஸ்பென்ஷன் பூட்டும் இடம், இரு பக்க ரன்னிங் போர்டு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஓட்டையாகியிருந்தால் அந்தக் காரில் மேற்கொண்டு பணம் போட வேண்டாம் என்பது என் திடமான கருத்து. எஞ்சின் எவ்வளவு அமைதியாக ஓடினாலும் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அந்தக் காரில் உட்காரப்போவது உங்கள் குடும்பம்.

பாடி நன்றாக இருக்கிறது, எஞ்சின்தான் கோளாறு. செலவழிக்கலாமா?

பெரும்பாலும் செலவழிக்கலாம். ஆனால் ‘எஞ்சினைப் பிரிக்க வேண்டும்’ என்ற சொல்லை மட்டும் நம்பி ஒப்புக்கொள்ளக் கூடாது. சைலன்சரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று பொருள். விடாமல் வரும் வெள்ளைப் புகையும் கூலன்ட் குறைவதும் சேர்ந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் பழுதாக இருக்கலாம். கறுப்புப் புகை, எரிபொருள் மிகுதியாகப் போவதைக் காட்டும். நீலப் புகைக்கும்கூட வால்வு சீல் மட்டும் காரணமாக இருந்தால் செலவு குறைவு. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரும் தேய்ந்திருந்தால் அதிகம். இரண்டையும் பிரித்தறிய ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே உண்டாகும் அழுத்தம், பார்க்கச் சொல்லுங்கள். அளவுகளைத் தாளில் எழுதி வாங்கி, இன்னொரு மெக்கானிக்கிடமும் காட்டுங்கள்.

பாகத்தின் விலை, லேபர், லேத்து வேலை என்று மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குவது நல்லது. மாற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கொடுத்துவிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கணக்கை எப்படிப் போடுவது?

போன ஆண்டு கிளட்ச் மாற்றினேன், டயர் போட்டேன் என்று பழைய செலவுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எந்த முடிவெடுத்தாலும் அந்தப் பணம் திரும்பி வராது. இனி வரும் இரண்டு ஆண்டுகளுக்கு மட்டும் கணக்கிடுங்கள். எடுத்துக்காட்டாக, ஒரு காரை இன்று உள்ளபடியே விற்றால் 70,000 ரூபாய் கிடைக்கும், சரிசெய்ய 60,000 ஆகும், அதன் பின் ஆண்டுக்கு 20,000 பராமரிப்புக்குப் போகும், இரண்டு ஆண்டு கழித்து மறுபடி 70,000-க்கு விற்கும் என்று வைத்துக்கொள்வோம். இன்று விற்காமல் விடும் 70,000 பின்னர் விற்கும்போது திரும்பிவிடுவதால், வைத்திருப்பதற்கான செலவு 1,00,000, ஆண்டுக்கு 50,000.

மாறாக, 3,50,000 ரூபாய்க்கு வேறொரு கார் வாங்குகிறீர்கள். பெயர் மாற்றம், டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ் என்று கையில் வாங்கியவுடன் 35,000 போகிறது. பராமரிப்பு ஆண்டுக்கு 10,000. இரண்டு ஆண்டு கழித்து 2,70,000-க்கு விற்கிறது. செலவு 1,35,000, அதாவது ஆண்டுக்கு 67,500. கடன் வாங்கினால் வட்டி தனி, பழைய காருக்கான கடன் வட்டி புதுக் காருக்கானதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

இந்த எண்களில் பழைய கார் வெல்கிறது. ஆனால் அதன் பராமரிப்பு ஆண்டுக்கு 20,000-க்குப் பதிலாக 40,000 ஆகிவிட்டால் ஆண்டுச் செலவு 70,000-ஐத் தொட்டு, முடிவு மாறிவிடும். ஆகவே மெக்கானிக்கிடம் கேட்க வேண்டிய உண்மையான கேள்வி, ‘இப்போது எவ்வளவு ஆகும்’ என்பதைக் காட்டிலும், ‘இதைச் செய்தபின் அடுத்து எது போகும்’ என்பதே.

ஓட்டும் தூரமும் முக்கியம். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தரும் காருக்கும் 16 தரும் காருக்கும் ஏறக்குறைய 208 லிட்டர் வேறுபாடு. லிட்டர் 100 ரூபாய் என்றால் இருபதாயிரத்துக்குச் சற்று மேல். ஞாயிற்றுக்கிழமை வடிவுடையம்மன் கோயிலுக்கும் உறவினர் வீட்டுக்கும் மட்டும் எடுப்பவருக்கு இந்த மிச்சம் ஒரு பொருட்டே இல்லை.

பதினைந்து ஆண்டு முடிந்தால் காரை ஓட்டவே கூடாதா?

ஓட்டலாம். டெல்லித் தலைநகர் வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதிப்படுத்தியது. அது சென்னைக்குப் பொருந்தாது. செய்தியைப் பாதியாகக் கேட்டுவிட்டு நல்ல காரை அவசரமாகக் குறைந்த விலைக்குக் கொடுத்தவர்கள் உண்டு.

சொந்த உபயோகக் காரின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அது முடிவதற்கு முந்தைய 60 நாட்களுக்குள் 25-ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்து, வண்டியை ஆர்டிஓ அலுவலகத்தில் காட்டி, ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். முன்பு 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆனது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025-இல் 10,000 ஆக்கப்பட்டது. பசுமை வரியும் உண்டு. 14 ஆண்டு ஓடிய காரில் பெரிய வேலை செய்வதற்கு முன் இந்தத் தொகையையும், அந்தச் சோதனையில் தேறத் தேவைப்படும் டிங்கரிங், பெயிண்டிங் செலவையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய காரைக் கெடுக்குமா?

20 விழுக்காடு எத்தனாலைத் தாங்கும் பாகங்களோடு கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரல் முதல். அதற்கு முந்தைய கார்களில் எரிபொருள் ரப்பர் குழாய்களும் சீல்களும் விரைவில் கெடலாம். மைலேஜும் சற்றுக் குறையும். எப்படியும் வேலைக்கு விடும்போது அந்தக் குழாய்களையும் ஃபில்டரையும் மாற்றச் சொல்லுங்கள். இதற்காக மட்டும் காரை மாற்ற வேண்டியதில்லை.

புதுப்பேட்டையில் பழைய பாகம் வாங்கிப் போடலாமா?

கதவு, பம்பர், ஹெட்லைட், கண்ணாடி, இருக்கை, ஆல்டர்னேட்டர் போன்றவற்றைப் பார்த்து வாங்கலாம். பிரேக் பாகங்கள், ஸ்டீயரிங் பாகங்கள், டயர், டைமிங் பெல்ட், சீட் பெல்ட், ஏர்பேக் ஆகியவற்றைப் புதிதாக மட்டுமே வாங்க வேண்டும். செவர்லே 2017-இலும் ஃபோர்டு 2021-இலும் இந்தியாவில் விற்பனைக்கான தயாரிப்பை நிறுத்தியவை. அந்தக் கார்களை வைத்திருப்பவர்கள், காரைப் பிரிப்பதற்கு முன்பே தேவையான பாகம் கையிருப்பில் உள்ளதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். பிரித்துப் போட்ட கார் மாதக்கணக்கில் பட்டறையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.

மழை வெள்ளத்தில் கார் நின்றுவிட்டது. சரிசெய்யலாமா?

நீர் எதுவரை ஏறியது, அதன் பிறகு யாராவது ஸ்டார்ட் செய்தார்களா என்ற இரண்டையும் பொறுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது என் கார் தெருவில் நின்றது. நீர் வடிந்த மறுநாள், ஓடுகிறதா பார்க்கலாம் என்று சாவியைத் திருப்பினேன். சிலிண்டருக்குள் புகுந்த நீரைக் காற்றைப் போல் அழுத்த முடியாது. மேலே வந்த பிஸ்டன் அதில் மோதி கனெக்டிங் ராடு வளைந்தது. சாவியைத் தொடாமல் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, டோ செய்து கொண்டுபோயிருந்தால் சுத்தம் செய்வதோடும் ஆயில் மாற்றுவதோடும் முடிந்திருக்கும். இந்தப் பக்கத்தை நான் எழுதத் தொடங்கியதற்கே அந்தச் சாவிதான் காரணம். தயவுசெய்து நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

தரைத் தகடு நனைந்த அளவு என்றால், இருக்கைகளைக் கழற்றி, தரைவிரிப்பை எடுத்துக் காயவைத்து, எல்லாத் திரவங்களையும் மாற்றிக் காப்பாற்றலாம். டேஷ்போர்டு வரை ஏறியிருந்தால் ஒயரிங், ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ எல்லாம் நனைந்திருக்கும். இன்று ஓடினாலும் இணைப்புகளில் பச்சை பூத்து ஆறு மாதம் கழித்து நடுவழியில் நிறுத்தும். அந்த வெள்ளத்தில் எண்ணூர், மணலிப் பக்கம் நீரோடு எண்ணெயும் கலந்து வந்ததால், ரப்பர் பாகங்களையும் சோதிக்க வேண்டியிருந்தது.

இன்சூரன்ஸைப் பொறுத்தவரை, மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீடு இருந்து, சரிசெய்யும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் முழு இழப்பாகக் கருதுவார்கள். எஞ்சினுக்குள் நீர் புகுந்த சேதத்துக்கு எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் அம்சம் தனியாக எடுத்திருக்க வேண்டும். தாழ்வான தெருவில் நிற்கும் காருக்கு அதைக் கட்டாயம் எடுங்கள்.

வாங்கப்போகும் கார் வெள்ளத்தில் நின்றதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுங்கள். வெளியில் தெரியும் பகுதியைத் துவைத்திருப்பார்கள், உள்ளே சுருண்டிருக்கும் கடைசி அடியில் சேற்றுக் கோடு தங்கியிருக்கும். இருக்கையை முன்னே தள்ளி அதன் தண்டவாளத்திலும் போல்ட்டிலும் துருவைத் தேடுங்கள். ஃபியூஸ் பெட்டியின் மூலைகளில் வண்டல் இருக்கிறதா பாருங்கள். காரைப் பூட்டி வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தால், எந்த வாசனைத் திரவியமும் அந்தப் புழுங்கல் வாடையை மறைக்காது. பதிவு வடசென்னையின் 05 அல்லது செங்குன்றத்தின் 18 என்பதாலேயே சந்தேகப்படவும் வேண்டாம், வெளியூர் எண் என்பதாலேயே நம்பவும் வேண்டாம்.

மீட்டரில் 45,000 கிலோமீட்டர் காட்டுகிறது. நம்பலாமா?

மீட்டரைக் குறைப்பது எளிது. காரின் தேய்மானத்தைக் குறைக்க முடியாது. பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டீயரிங்கின் வழவழப்பு, ஓட்டுநர் இருக்கையின் வெளி ஓரம் ஆகியவற்றைப் பாருங்கள். டயரின் பக்கத்தில் உள்ள கடைசி நான்கு எண்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைச் சொல்லி சர்வீஸ் வரலாற்றைக் கேட்க உரிமையாளரையே உடன் அழைத்துப் போங்கள். தயங்குகிறவரிடம் வாங்க வேண்டாம்.

எந்த ஆண்டு மாடல் வாங்குவது?

பட்ஜெட் இடம் கொடுத்தால் 2019 ஜூலைக்குப் பிறகு தயாரானதை வாங்குங்கள். அந்த மாதம் முதல் ஓட்டுநர் ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை, பின்னோக்கு சென்சார் ஆகியவை எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாயின. திடீரென்று பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அதே ஆண்டு ஏப்ரலில் கட்டாயமாகியிருந்தது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் விரைவுச் சாலையில் தினமும் போகிறவர்களுக்கு, பழைய காரை மாற்றுவதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. மற்றக் கணக்குகள் எல்லாம் பழைய காரின் பக்கம் சாய்ந்தாலும், இந்த ஒன்றுக்காக மாற்றலாம் என்றே நான் சொல்வேன்.

டெல்லி, புதுச்சேரி பதிவுக் கார் குறைந்த விலைக்கு வருகிறதே?

பழைய பதிவு அலுவலகத்தின் என்ஓசி (தடையில்லாச் சான்று), தமிழ்நாட்டில் கட்ட வேண்டிய வாழ்நாள் வரி, மறுபதிவுச் செலவு மூன்றையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். வேற்று மாநில எண்ணோடு 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருக்கச் சட்டம் இடம் தராது. கூட்டிய பிறகு பெரும்பாலும் லாபம் மிஞ்சுவதில்லை.

ஆவணங்களில் எதைத் தவறவிடக் கூடாது?

பெயர் மாற்றத்தை. விற்பவரும் வாங்குபவரும் 29, 30-ஆம் எண் படிவங்களில் கையெழுத்திட வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும் வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ‘வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்று புரோக்கர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பல கை மாறிப் போன ஒரு காரின் விபத்து வழக்கில், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உங்கள் பழைய காரைக் கொடுக்கும்போதும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பணம் கொடுப்பதற்கு முன் மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் கடன் குறிப்பு, நிலுவை அபராதம், இன்சூரன்ஸ் நாள் ஆகியவற்றைப் பாருங்கள். கடன் முடிந்திருந்தால் வங்கியின் என்ஓசியும், ஆர்.சி.யிலுள்ள கடன் குறிப்பை நீக்குவதற்கான 35-ஆம் எண் படிவமும் வேண்டும். எஞ்சின் எண்ணையும் சேஸி எண்ணையும் ஆர்.சி.யோடு நேரில் ஒப்பிடுங்கள். பழைய காரில் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ், அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகக் காப்பீட்டுக் கட்டணத்தில் கிடைக்கும் தள்ளுபடி, உரிமையாளருக்கு உரியது. விற்கும்போது அதற்கான கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் வாங்கி, அடுத்த காருக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

ஓட்ட முடியாத பழைய காரை என்ன செய்வது?

பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்து, ஒப்படைப்புச் சான்றிதழ் வாங்குங்கள். புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டண விலக்குக்கு அது உதவும். தெருவோரக் காயலான் கடையில் கொடுத்தால் காசு கிடைக்கும், ஆனால் ஆர்.சி. உங்கள் பெயரிலேயே உயிரோடு இருக்கும். அங்கே கொடுத்தே ஆக வேண்டிய நிலை என்றால், முதலில் ஆர்டிஓ அலுவலகத்தில் பதிவை ரத்து செய்துவிட்டு, அதன் பிறகு சாவியைக் கொடுங்கள்.